ஏமாற்றியவன் எங்கே?

தமிழிலக்கணம் பயில்வோர் தொடக்க வகுப்புகளிலேயே தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை அறிந்துகொள்கின்றனர். மாறு என்பது தன்வினை. மாற்று என்பது பிறவினை. ஏறு, ஏற்று; ஆடு, ஆட்டு; திரும்பு, திருப்பு என்பனவும் அவ்வாறே. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றோர் இணை ஏமாறு, ஏமாற்று என்பதாகும். 'தரகன் அவளை ஏமாற்றினான்' என்னும் வாக்கியத்தில் எழுவாய் தரகன். 'அவள் ஏமாந்தாள்' என்னும் வாக்கியத்திலோ எழுவாய் அவள். நடந்த செயல் ஒன்றே. எனினும், இரண்டாம் வாக்கியத்தில் தரகனுக்கு இடமில்லை.

இவ்வேறுபாட்டை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அப்ப ஏமாத்தினவர் எங்க போயிட்டார்?" என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. சற்றே ஆராய்ந்து பார்ப்பின், அவ்வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று என்பது விளங்கும். சபரகமுவா மாகாணத்துத் தோட்டங்களில் அன்றாடம் நிகழும் ஒரு கொடுமையின் வேர் அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.

லயத்து வாசலில்

இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை. கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய - இவ்வூர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் வளர்கின்றன. கொழுந்து பறிப்போரும் பால் வெட்டுவோரும் லயங்களில் வாழ்கின்றனர். நகரத்துக் கடைக்குச் செல்ல அரைநாட் கூலியை இழக்க வேண்டியவர்க்கு, வாசலுக்கு வரும் வியாபாரி வசதியாகவே தோன்றுவான். தவணை முறையில் பாத்திரம் தருபவன் வருகிறான். கிழமைக்கொருமுறை பணம் அறவிடும் நுண்கடன் நிறுவன உத்தியோகத்தர் வருகிறார். வெளிநாட்டில் வீட்டுப் பணி இருக்கிறதெனச் சொல்லும் துணைத்தரகர் வருகிறார். கொழும்பில் 'கம்பனி வேலை' எனக் கூறி இளைஞரை அழைத்துச் சென்று, பயிற்சிக்கென முன்பணம் பெற்று, பின்னர் வீடுவீடாகப் பொருள் விற்கச் செய்து, விற்றால் மாத்திரமே கூலி எனக் கைவிரிப்போரும் உளர்.

இவர்கள் அனைவரும் வஞ்சகர் அல்லர். நேர்மையாக விற்போரும் உண்டு. முறைப்படி கடன் கொடுப்போரும் உண்டு. ஆயினும், வஞ்சகன் ஒருவன் வந்து போன பின்னர் லயத்தில் எழும் பேச்சைக் கவனியுங்கள். "எழுத்து வாசிக்கத் தெரியாம ஏன் புள்ள கையெழுத்து வச்ச?" என்பாள் அயல் காம்பராக்காரி. "பேராசைக்கு இதுதான் பலன்" என்பார் கோயிற் பெரியவர். "தோட்டத்துச் சனம் எப்போதும் இப்படித்தான்" என்பார் நகரத்துக் கனவான். மூவரும் மூன்று விதமாகப் பேசினும், பேசுவது ஒருத்தியைப் பற்றியே. வந்து போனவனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவன் பெயரென்ன, அவனுக்குப் பின்னால் நிற்பவர் யாவர், அவன் நீட்டிய தாளில் எழுதியிருந்தது யாது என்னும் வினாக்கள் எழாமலே போகின்றன.

பழைய பழி

இப்பழிச்சொல் இன்று பிறந்ததன்று. மலையக வரலாற்றோடு ஒத்த வயதுடையது. தென்னகத்துக் கிராமங்களுக்கு ஆள் திரட்டச் சென்ற கங்காணி, தேயிலைத் தூரின் அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் எனச் சொல்லி அழைத்து வந்தான் என்றொரு கதை நம்மிடையே வழங்குகின்றது. அக்கதையைச் சொல்லி நம் முன்னோரை நாமே நகைப்பதும் உண்டு. அவர்கள் தேங்காய்க்கும் மாசிக்கும் மயங்கிக் கடல் கடந்த பேதையரா?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். நிலமின்மை, சாதிக் கொடுமை, வட்டிக் கடன் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். பசித்தவன் முன்னால் நீட்டப்பட்ட முன்பணம் ஆசை காட்டும் பொருளன்று; உயிர் காக்கும் பிடி. அதைப் பற்றியவன் அறிவிலி ஆகான். பஞ்சத்தை மறைத்துவிட்டுத் தேங்காயையும் மாசியையும் மாத்திரம் நினைவில் வைத்திருக்கும் கதை, அழைத்தவனின் பொய்யைக் காட்டிலும் வந்தவனின் மடமையையே பெரிதாக்கிக் காட்டுகின்றது.

வந்த பின்னர் நிகழ்ந்தது யாது? வழிச்செலவு, கம்பளி, அரிசி ஆகிய யாவும் தொழிலாளியின் கணக்கிற் பற்றாக எழுதப்பட்டன. கூலி கங்காணி வழியாகவே கைக்கு வந்தது. பல வேளைகளில் மாதக்கணக்கில் தாமதித்து வந்தது. ஒரு கங்காணியின் ஆட்களை இன்ன தொகையைக் கொடுத்தால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு கை மாறும்போது புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறுவர். இவ்வாறு தோட்டந்தோட்டமாகக் கடன் வளர்ந்தது. தன் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டுள்ளதென்பதை அறியாத தொழிலாளரும் பலர். விட்டு ஓடவும் வழியில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஏமாற்றப்பட்டவனே சட்டத்தின் முன் குற்றவாளியாக நின்றான்.

அக்காலத்துத் துரைமாரின் எழுத்திலும் பேச்சிலும் 'கூலி ஊதாரி, சேமிக்க அறியான், கடனிலேயே இன்பம் காண்பவன்' என்னும் குறைகூறல் மலிந்திருந்தது. கடன் தொழிலாளியின் குணத்திலிருந்து பிறந்ததென அவர்கள் சொன்னார்கள். அக்கூற்று மெய்யாயின், சட்டத்தால் அதனை மாற்ற இயலாதன்றோ? 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டு நீங்கினார்க்குச் சிறை என்னும் விதியையும் நீக்கியது. 1927இல் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. வறுமை நீங்கிற்றில்லை. எனினும், மனிதனைக் கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய அந்த முறை வீழ்ந்தது. மாறியது தொழிலாளியின் குணமன்று. அவனைக் கட்டிய கயிறு அறுக்கப்பட்டது. குற்றம் எங்கிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்நாளில் இதனை உணர்ந்தோருள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். வெளியார் நுழைய இயலாத தோட்டங்களுக்குள் அவர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு சென்றார் என்பர். வஞ்சகர் வாசலுக்கு வரும் அதே வழியில் அவர் உண்மையை அறியச் சென்றார். கண்டதைத் 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய ஏடுகளில் எழுதினார். தொழிலாளியின் பேதைமையை எழுதிப் பொழுதுபோக்காமல், கணக்கு எழுதியவனின் கையை எழுதியமையே அவர் பணியின் சிறப்பு.

முன்பணத்தின் புதிய வடிவங்கள்

துண்டு மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாயின, முன்பணம் மறையவில்லை. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்குப் புறப்படுமுன்னரே பெருந்தொகை ஒன்றைக் கையிற் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டிற் பரவியது. வறிய குடும்பத்துக்கு அது பேருதவியாகவே தோன்றும். ஆயின், சென்ற இடத்தில் கூலி மறுக்கப்பட்டாலும் அடி விழுந்தாலும், ஒப்பந்தக் காலத்துக்கு முன் திரும்புவாளாயின் அத்தொகையைத் திருப்பித் தரவேண்டும் என அச்சுறுத்தப்படுகிறாள். கங்காணியின் முன்பணம் செய்த வேலையை இதுவும் செய்கின்றது.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆள் திரட்டுதல் குற்றமாகும். எனினும், லயத்து வாசலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் அனுமதி பெற்ற முகவர் அல்லர். அவருக்கும் அப்பால் நின்று தரகுக் காசு பெறும் ஒருவர். 2005இல் மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குச் சென்ற ஏழைப் பெண்ணொருத்தியின் கடவுச்சீட்டில், வயதைக் கூட்டிக் காட்டும் பொருட்டுப் பிறந்த ஆண்டு மாற்றி எழுதப்பட்டிருந்தது. அவள் 2013 சனவரி 9ஆம் நாள் அங்கே மரண தண்டனைக்கு ஆளானாள். அன்று நாடே அழுதது. அழுதோருள்ளும் 'அந்த வயதில் ஏன் அனுப்பினார்கள்?' எனப் பெற்றோரை நோக்கி விரல் நீட்டியோர் பலர். ஆண்டை மாற்றி எழுதிய பேனாவை நோக்கி விரல் நீட்டியோர் சிலரே.

நுண்கடனின் நிலையும் இதுவே. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை உயர்ந்திருந்ததையும், அறவிட வருவோரால் பெண்கள் துன்புறுத்தப்படுவதையும் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அரசாங்கம் வரட்சியால் நலிந்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஓரளவு கடன் நிவாரணம் அறிவித்தது. 2021 மார்ச் 8ஆம் நாள், மகளிர் தினத்தன்று, ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 'எங்கள் கடன் எங்கள் வெட்கம்' என்று ஒடுங்கியிருந்தோர் வீதியில் அமர்ந்து, 'இக்கடனை இவ்வாறு வகுத்தவர் யாவர்?' என வினவிய நாள் அது.

ஊதாரித்தனத்தால் வந்த கடன் என்போர் விலைவாசியை நோக்குக. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் நெருக்கடியில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று. கூலி 1,350 ரூபாயானது 2024இலேயாம். இடைப்பட்ட காலத்தில் பிள்ளையின் காற்சட்டைக்கும் மருந்துக்கும் கடன் வாங்கியவள் பேராசைக்காரியா?

ஏமாளியும் வைப்பாளரும்

இங்கே சொல்லாட்சி ஒன்றை அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் இறுதியில் கோல்டன் கீ என்னும் கடன் அட்டை நிறுவனம் நொடித்தது. கூடிய வட்டியை நம்பி அதிற் பணம் இட்டோர் வறியவர் அல்லர். படித்தோரும் ஓய்வூதியம் பெறுவோரும் வசதியுள்ளோரும் ஆவர். அவர்களைப் பத்திரிகைகள் 'வைப்பாளர்' என அழைத்தன. அவர்தம் முறைப்பாடு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அது தக்கதே, அவர்களும் பாதிக்கப்பட்டவரே. ஆனால், மாதம் ஐயாயிரம் கட்டினால் ஆண்டிறுதியில் இருமடங்கு என்னும் சொல்லை நம்பிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு 'வைப்பாளர்' என்னும் பெயர் கிட்டுவதில்லை. அவன் 'ஏமாளி'. இரத்தினபுரியில் தேர்ந்த மாணிக்க வியாபாரி ஒருவர் போலிக் கல்லை வாங்கிவிட்டால், 'வியாபாரத்தில் நட்டம்' என்பர். அவரை எவரும் பேதை என்னார். வஞ்சனை ஒன்றாயிருக்க, பெயர் மாத்திரம் சட்டைப்பையின் அளவுக்கேற்ப மாறுகின்றது.

கோவலனைப் பழித்தவர் யார்?

நம் இலக்கியம் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றது. சிலப்பதிகாரத்தில் கோவலன் அறியாத நகரில் அறியாத பொற்கொல்லனை நம்பிச் சிலம்பைக் காட்டினான். அவனோ தான் கவர்ந்த அரசியின் சிலம்புக்குப் பழியை இவன்மேல் ஏற்றினான். ஆராயாத மன்னன் கொல்லுமாறு பணித்தான். கண்ணகி அவையேறிச் சிலம்பை உடைத்தபோது தெறித்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பிலிருந்தவை முத்துகள். அப்போது அவையில் ஒருவரும் எழுந்து, 'முன்பின் அறியாதவனை உன் கணவன் ஏன் நம்பினான்?' என்று வினவவில்லை. தன் தவற்றை உணர்ந்த பாண்டியன் பழியைத் தானே ஏற்று உயிர் நீத்தான்.

காப்பியம் ஊழ்வினையையும் பேசுகின்றதே எனப் புலவர் சிலர் தடை எழுப்பலாம். உண்மை, கோவலனின் முற்பிறப்புச் செயலை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கின்றது. ஆயின், அஃது உரைக்கப்படுவது மன்னன் மாண்ட பின்னரேயாம். ஊழின் பின்னால் மன்னன் ஒளிந்துகொள்ள இளங்கோவடிகள் இடம் தரவில்லை. 'அவர்கள் தலைவிதி' என்று சொல்லி லயத்தைக் கடந்து செல்லும் நமக்கு இது நல்லதொரு பாடம்.

பழிச்சொல் செய்யும் வேலை

'பழிப்பதால் அவர்கள் இனியேனும் விழிப்படைவர்' எனச் சிலர் கூறுவர். கற்பித்தல் வேறு; பழித்தல் வேறு. முன்னர்ச் சொல்வது கற்பித்தல். பின்னர்க் குத்திக் காட்டுவது பழித்தல். பழிக்கு அஞ்சியவள் செய்யும் முதற் செயல் மறைத்தலேயாம். கணவனிடம் மறைக்கிறாள், அயலாரிடம் மறைக்கிறாள், தொழிற்சங்கத் தலைவரிடமும் மறைக்கிறாள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், மயக்கும் வகையில் பொருள் விற்றலைத் தடை செய்கின்றது. பழுதான பொருள் குறித்த முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்திற் கொடுத்தல் வேண்டும். வெட்கத்தால் நான்கு மாதம் வாய் மூடியிருந்தவளுக்கு அக்கதவு அடைபட்டுவிடுகிறது. அவளை வாய் மூடச் செய்தவன் விற்றவன் மாத்திரமல்லன்; நகைத்த நாமும் அதிற் பங்காளிகள்.

குழுக்கடனில் இது இன்னும் தெளிவாகத் தோன்றும். குழுவிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். ஒருத்தி தவணை கட்டத் தவறின் ஏனையோர் அவளுக்காகக் கட்ட வேண்டும். எனவே அறவிடுவோர் அதட்டாமலே அயலாள் அதட்டுகிறாள். அவர் ஏசாமலே உறவினள் ஏசுகிறாள். பழிச்சொல் இங்கே கடனின் பின்விளைவன்று. கடனை அறவிடும் கருவியே அதுவாம். கூலி பெறாமலே வஞ்சகனுக்கு ஊழியம் செய்யும் சேவகன் பழிச்சொல்லைப் போல் வேறொருவன் இல்லை.

நம்பிக்கையையும் குற்றமென்னலாகாது. ஒரு காம்பராவில் உப்பில்லையெனில் அடுத்த காம்பராவில் வாங்குவதும், பிள்ளையை அயலாளிடம் விட்டுப் பிரட்டுக்குச் செல்வதும் நம்பிக்கையாலேயே. வஞ்சகன் அறிமுகமானவர் ஒருவரின் வாயால் பேசுவதும் இதனாலேயாம். அன்று கங்காணியும் தொழிலாளரின் ஊரவனாய், உறவினனாய் இருந்தான். இன்று துணைத்தரகரும் சித்தப்பாவாய், அக்காவாய் வருகிறார். நம்பிக்கையை ஒழித்துவிட்டால் வஞ்சனை ஒழியும் என்பது, திருடனுக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும்.

யாரால்?

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வகையிற் செய்யத்தக்கன உள. அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்கியுள்ளது. அம்முறைப்பாட்டை எழுதித் தருவதற்கு மேல்வகுப்பு மாணவர் போதும். வாசலில் நீட்டப்படும் படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருப்பின், அதனைத் தமிழிற் படித்துச் சொல்லும் வரை கையொப்பம் இல்லை என்னும் வழக்கத்தை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டாக்கலாம். கட்டுரைப் பாடத்தில் பொங்கலையும் மழைநாளையும் எழுதச் செய்யும் நாம், ஒரு தவணைப் படிவத்தைப் பொருள் விளக்கி எழுதுமாறும் பணிக்கலாம். வெளிநாட்டு வேலை எனில், முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வினவிப் பணியகத்தில் உறுதி செய்தபின் பேசுமாறு தாய்மார்க்குச் சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, செலவில்லாத திருத்தம் ஒன்றுண்டு. அது நம் வாக்கியத்தைத் திருத்துதல். தன்வினையாகிய 'ஏமாந்தாள்' என்பதைக் கேட்போர் உள்ளத்தில் 'ஏன்?' என்னும் வினாவே எழுகின்றது. அவ்வினா அவளையே சுற்றிச் சுழல்கின்றது. செயப்பாட்டு வினையாகிய 'ஏமாற்றப்பட்டாள்' என்பதைக் கேட்போர் உள்ளத்திலோ 'யாரால்?' என்னும் வினா எழுகின்றது. மூன்றாம் வேற்றுமை அங்கே நிரப்பப்படாத இடமாய் நிற்கின்றது. அவ்விடத்தை ஒரு பெயரால் நிரப்பும் வரை வாக்கியமும் முற்றுப்பெறாது; நீதியும் முற்றுப்பெறாது. தமிழ் பயின்றோர் தம் பேச்சிலேனும் எழுத்திலேனும் அவ்வினாவை எழுப்பப் பழகுவாராக.